டீச்சரம்மாவுக்கு ஒரு சேவல்

அகரத்திலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் ஒரு சிறுமி, மடியில் சேவலை இறுக அணைத்தபடி இருந்தாள்.

"சும்மா காதுகுடுத்துக் கேட்டதுக்கு யாராச்சும் சேவல் குடுப்பாகளா மதினி?"

"பின்னே? ஆடி பொறந்ததுல இருந்து இவ வாயே தொறக்கல. மந்திரிச்சேன், தாயத்துக் கட்டினேன், ஒண்ணும் கேக்கல. அந்த டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல மத்தியானம் மத்தியானம் பக்கத்துல உக்காந்தே பேச வச்சிட்டாங்க."

"அப்படி என்னத்த மனசுல வச்சிருந்தாளாம்?"

"சொல்ல மாட்டேன்னுட்டாங்க. பிள்ளைக சொன்னத வெளிய சொல்லக் கூடாதாம். பெத்தவளுக்கே!"

"நல்ல கூத்துதான்."

"அதான் இந்தச் சேவல். ஆடி பொறந்தன்னைக்குக் கருப்பசாமிக்கு நேந்துவிட்டது."

"சாமி கோவிச்சுக்கிடாதா?"

"சாமிக்கு வேற வளத்துக்கிடலாம். டீச்சரம்மா நல்லாக் கொழம்பு வச்சுச் சாப்பிடட்டும்."

சிறுமி முதல்முறையாகத் திரும்பினாள். "டீச்சர் கறி திங்க மாட்டாங்க. நான் கேட்டுட்டேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கேட்டியா புள்ள, எம்புட்டுத் தெளிவாப் பேசுறா!"