டிரம் அடங்கட்டும், அப்புறம் கண்ணு

கிளாரி: முடியாதும்மா. வியாழக்கிழமை முடியவே முடியாது. வீட்டுலயே பீர் காய்ச்சி டிரம்முல ஊற வெச்சிருக்கேன்.

நர்ஸ்: மிஸ்டர் கிளாரி டன், நான் கண் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்…

கிளாரி: தெரியுது. ரெண்டு கண்ணுலயும் புரை, எடுக்கணும். எடுங்க, நான் வேணாங்கல. ஆனா இது என் முதல் டிரம். எழுபத்து மூணு வயசுல முதல் தடவை! இருபத்து மூணு லிட்டர். அதத் தனியா விட்டுட்டு வந்தா பர்னி ஊரே மிதக்கும்.

நர்ஸ்: ஏற்கனவே ரெண்டு தேதியத் தள்ளிட்டீங்க. இதுவும் வேணாம்னா உங்க பேரு வரிசையில கடைசிக்குப் போயிடும். மறுபடி வர ஒன்றரை வருஷம் ஆகும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க.

கிளாரி: அஞ்சு மணிக்கும் இதேதான் சொல்லுவேன்! பிரதமரே வந்து கெஞ்சினாலும் இதேதான்… பாரு நோலா, போன வெச்சுட்டா.

நோலா: வெக்காம? கட்டின பொண்டாட்டி மூஞ்சி தெரியல, அது பரவால்ல. ஐயாவுக்குப் பீர் முக்கியம்.

கிளாரி: மங்கலாத் தெரியறப்பதான் நோலா நீ ரொம்ப அழகா இருக்க.

நோலா: நான் இந்தப் பக்கம் நிக்கறேன். அது துணி காயற ஸ்டாண்டு.

கிளாரி: …அதுவும் அழகுதான். சரி, வா, டிரம்முல சக்கரை அளக்கற மிதவை போட்டிருக்கேன்ல, அதுல இன்னிக்கு எண்ணப் படி. மூணு நாள் சேந்தாப்புல ஒரே எண் நின்னாத்தான் புளிச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சேன்னு வை, ஒவ்வொண்ணும் குண்டு. கூரை மெல்போர்ன்ல போய் விழும்.

நோலா: அந்த டிரம்முக்குப் போர்வை சுத்தின. நேத்து பாட்டு வேற பாடின. எனக்குப் பிரசவ வலி வந்தப்ப மீன் பிடிக்கப் போன ஆளு நீ.

கிளாரி: புள்ள தானா வந்துரும். பீருக்குத்தான் ஆள் வேணும். படி, மிதவை எந்தக் கோட்டுல நிக்குது?

நோலா: இரு… முட்டி வலிக்குது… நுரை வேற மறைக்குது… பதிமூணு.

கிளாரி: பதிமூணா?

நோலா: பதிமூணு. இன்னும் ஆகல. நீயும் உன் பீரும்! பேசாம ஆபரேஷனுக்குப் போய்த் தொலையேன்.

கிளாரி: நேத்து பதினொண்ணுன்ன.

நோலா: அப்படியா சொன்னேன்?

கிளாரி: முந்தாநாள் பன்னெண்டு. நோலா… இந்த எண்ணு இறங்கும், இல்லன்னா நிக்கும். ஏறாது. ஈஸ்ட் தின்ன சக்கரை திரும்பி வராது.

நோலா: அதிசய டிரம்னு நீதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?

கிளாரி: பத்து.

நோலா: என்ன பத்து?

கிளாரி: ஒன்பது நாளா பத்துலதான் நிக்குது. நீ கடைக்குப் போனதும் டார்ச் அடிச்சு, பூதக்கண்ணாடி வெச்சு நானே பாத்தேன்.

நோலா: அடப்பாவி! அப்புறம் எதுக்குடா தினமும் என்னை முட்டி போட வெச்ச?

கிளாரி: நீ வேற வேற எண்ணு சொன்னியா… நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். பாட்டில்ல அடைச்சுட்டா ஆஸ்பத்திரிக்குச் சொல்ல சாக்கே இல்ல. முழிச்சிட்டிருக்கறப்பவே கண்ணுல கத்தி வெக்கறாங்களாம், நோலா.

நோலா: சுறா கடிச்ச காலத் தானே தைச்சுக்கிட்டதாக் கதை விட்டவன்!

கிளாரி: அது சுறா இல்ல. வேலிக் கம்பி.

நோலா: தெரியும். தைச்சவளே நான்தான்.

கிளாரி: சரி. போறேன். வியாழக்கிழமையே போறேன். யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லக் கூடாது. போன எடு… இரு, இரு. நான் பயந்துட்டுப் பொய் சொன்னேன். "போ, போ"ன்னு திட்டிக்கிட்டே நீ எதுக்கு எண்ண மாத்திச் சொன்ன?

நோலா: விடேன்.

கிளாரி: சொல்லு. ஒன்பது நாளு!

நோலா: கண்ணு சரியானா உனக்கு லைசென்ஸத் திருப்பிக் குடுத்துருவாங்க, அதான்! நாப்பத்தாறு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து "மெதுவா போ, மெதுவா போ"ன்னு கத்தினவ நான். இந்த எட்டு மாசமாத்தான் ஸ்டியரிங் என் கையில. அஞ்சு நிமிஷத்துல இருக்கற கடைக்கு, கடலோரமா ஒன்றரை மணி நேரம் சுத்திட்டுப் போறேன். ஜன்னலத் திறந்து விட்டுக்கிட்டு. வியாழக்கிழமை நான்தான் ஓட்டுவேன். திரும்பி வரும்போதும் நான்தான். அப்புறம் உனக்குக் கழுகு மாதிரி கண்ணு தெரிஞ்சாலும் சரி, சாவிய மட்டும் கேக்காத. தரமாட்டேன்.