மணிப்பெட்டிக்குள் இருந்த கைக்குட்டை

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. சூரியக் கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பகல்நேரப் பணியாளராக இருக்கிறேன். சூரியன் சீறி, ஆபத்தான கதிர்வீச்சு பூமிக்கு வரும்போது, உயரத்தில் பறக்கும் விமானங்களை முன்கூட்டியே எச்சரிப்பது எங்கள் வேலை. அளவு எல்லை மீறினால் சுவரில் முத்திரையிட்ட பெட்டிக்குள் மணி அடிக்கும். அந்த முத்திரையை உடைத்ததாக எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா மீது மேலாளர் புகார் கொடுத்து, அவரை இங்கே காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாக அறிந்து, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

மூன்று மாதமாக அந்த மணி காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன், எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடந்த திங்கட்கிழமை தலைவலி தாங்காமல் நான்தான் முத்திரையை உடைத்து, மணியின் நாக்கு அசையாதபடி என் கைக்குட்டையைத் திணித்தேன். அதன் பிறகு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

வியாழக்கிழமை காலை அக்கா ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைத் துடைத்தபோது மூடி திறந்துகொண்டது.

"என்ன தம்பி, மணிக்குச் சளி பிடிச்சிருக்கா? மப்ளர் கட்டி வச்சிருக்கீங்க."

"விடுங்கக்கா, சும்மா சும்மா கத்துது."

"கத்துறதுக்குத்தானே அத வச்சிருக்கு" என்று சொல்லி, கைக்குட்டையை உருவி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு எரிச்சல் வந்தது. அதன் பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தைய நாள் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மணி அடித்தது. திட்டிக்கொண்டேதான் திரும்பினேன். திரையில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. உடனே விமானக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அதன் பிறகு துருவப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஒன்பது விமானங்களைத் தாழ இறக்கிப் பாதை மாற்றினார்கள். அவற்றில் ஒன்றில் என் தங்கை பணிப்பெண். அவள் இரண்டு மாதக் கர்ப்பிணி என்பது அப்போது வீட்டில் எங்களுக்கு மட்டுமே தெரியும். பிற்பகலில், "இறங்கிட்டேண்ணா, பயங்கரப் பசி" என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மாலையில் மேலாளர் உடைந்த முத்திரையைப் பார்த்து, பெட்டியைத் திறந்தது யார் என்று எல்லோரையும் கேட்டார். "நான்தாங்க" என்றார் அக்கா. துணியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

இன்று காலை, அக்காவை இங்கே கூட்டி வருவதற்கு முன்பே, என் மேசையில் அந்தக் கைக்குட்டை துவைத்து, மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சான்றாக ஒப்படைக்கிறேன். மூலையில் உள்ள என் பெயரின் முதல் எழுத்து என் தங்கை தைத்தது. அவளும் அவள் குழந்தையும் பத்திரமாக இருப்பது அக்காவால். உயிருள்ளவரை அதை மறக்கமாட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. கடைசியாக ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன்: அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் என்னை உட்கார வையுங்கள்.

(கையொப்பம்)