பதினேழாம் எண் படத்தில் செய்த திருத்தங்கள்

வாழைக்குலையைச் சரியாக வரைகிறவர்கள் குறைவு. ஏத்தன் வாழையோ செந்துளுவனோ, குலை மரத்தில் தொங்கும்போது காய்களின் நுனி மேலே பார்த்துத்தான் வளைந்திருக்கும். நம் மாவட்டத்தில் வாழை இல்லாத வீட்டு வளவு கிடையாது. கல்யாண வாசலில் குலையோடு கட்டி வைக்கிறோம். இருந்தும் வரையச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் காயைக் கீழே பார்க்க வைத்துவிடுவார்கள். இருபத்தொன்பது வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், மேடம். எல்லாம் அந்தக் குலையிலிருந்துதான் தொடங்கியது.

விசாரணைக் குழுத் தலைவரான பேராசிரியை செல்லக்கனி அவர்களாகிய நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் நடந்த வட்டார ஓவியர் கண்காட்சியில், பதினேழாம் எண் படத்தை, அதாவது ரெஜிஷா என்ற பெண்ணின் படத்தை, மாற்றியது யார்? முதல் இடத்துக்கு வருகிற படம், விண்ணப்பத்தோடு அனுப்பிய புகைப்படத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் வேறுவேறாக இருந்ததால் அவளைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். முதல் பரிசு பெற்றிருந்தால் ஒரு வருடம் பல்கலைக்கழகத்திலேயே தங்கி வரைந்துகொண்டிருக்கலாம். அவள் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டு வேலை பார்க்கிறாள். அந்த வேலையை விடலாம் என்று நம்பியிருந்தாளாம். மாற்றியவர் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நீக்கத்தை ரத்து செய்யலாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. திருத்தி, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தப்பைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சபை காலண்டரில் மேய்ப்பன் படம் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். ஒருவரும் கவனிக்கவில்லை. என் வீட்டுக் காலண்டரில் ஒரு காலை வெள்ளைச் சாயம் தொட்டு மறைத்தேன். பிறகு ஜெபக்கூட்டத்துக்குப் போன வீடுகளிலெல்லாம், மற்றவர்கள் கண்மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து மறைத்தேன். முப்பத்தோரு வீடு முடிந்தது. போதகர் வீட்டில் மட்டும் அவர் சுருக்கமாக ஜெபித்துவிட்டதால் பிடிபட்டேன். அவர் காப்பி கொடுத்தார்.

கண்காட்சிக்கு நானும் ஒரு படம் அனுப்பியிருந்தேன். மாத்தூர் தொட்டிப்பாலம். இருபத்தெட்டுத் தூணும் உண்டு. முதல் சுற்றிலேயே, புகைப்படத்தைப் பார்த்தே, தள்ளிவிட்டார்கள். நடுவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கலைக்கூடப் பொறுப்பாளர் ஸ்டெனிக்கு என் கையெழுத்துப் பிடிக்கும். படங்களுக்குக் கீழே வைக்கும் பெயர் அட்டைகளை எழுதித் தரச் சொன்னார். அதனால் படங்கள் வந்து இறங்கிய வாரம் முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஸ்டெனி வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாவி என் கையில் இருக்கும். வாசலில் காவலாளி யோவான் இருப்பார்.

செவ்வாய்க்கிழமை தக்கலைக்காரர் ஒருவரின் வாழைத்தோட்டம் வந்தது. ஒன்பது குலை, அத்தனை காயும் தலைகீழ். நடுவர்களில் இரண்டு பேர் வெளியூர். கன்னியாகுமரிக்காரனுக்கு வாழைக்குலை வரையத் தெரியாது என்று அவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னால் யாருக்குக் கேவலம்? வீட்டிலிருந்து பெயின்ட் பெட்டியை எடுத்து வந்தேன். இப்போது பெரும்பாலும் அக்ரிலிக்தான், அரைமணியில் காய்ந்துவிடும். திறப்பு விழாவில் அந்தத் தக்கலைக்காரர் தன் படத்தின் முன் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை வட்டக்கோட்டை. கடலுக்குள் சூரியன் மறைகிறது. வட்டக்கோட்டையில் கடல் பக்கம் சூரியன் உதிக்கும், மறைவது மலைப் பக்கம். சுற்றுலா வருகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். சரி, உதயம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், கோட்டை மதிலில் மாலை வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பௌர்ணமி நிலாவை வைத்தேன். பௌர்ணமியன்று மாலையில் நிலா அங்கேதான் எழும்பும். படத்துக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் புகைப்படத்தோடு ஒத்துப் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பரிசு வாங்கிய ஓவியர், அந்த நிலாவைத் தான் ஏன் அங்கே வைத்தார் என்று மேடையில் பத்து நிமிடம் பேசினார். கேட்க நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை ஒரு நீலப் படம். வலது மூலையில் இரண்டு சாண் இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். நேரம் கிடைத்திருக்காது, பாவம். நிரப்பிக் கொடுத்தேன்.

அதே நாளில் "கிழிந்த வலை" வந்தது. அது ஓவியம் அல்ல, நிஜமான வலையை நடுவில் கிழித்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். இதில் யோவானை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கடற்கரைக்காரர், இருபது வருடம் வள்ளத்தில் போனவர். காவலுக்கு வந்த மனுஷன் வலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டார்.

"சாரே, வலைய இப்பிடிப் போட்டிருந்தா பாத்துட்டு எப்பிடி இருக்க? ஒரு அர மணிக்கூர் தாரும், முடிஞ்சு தாறேன்" என்றார்.

முடிந்து கொடுத்தார். எங்கே கிழிந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெயர் அட்டையில் "வலை" என்று மட்டும் எழுதினேன். திறப்பு விழாவன்று அதைச் செய்த கலைஞர், கிழிசலைக் காணோம் என்று ஸ்டெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். காணாமல் போன பொருளின் விவரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஸ்டெனி இன்னும் அந்தப் புகாரை மேசையிலேயே வைத்திருக்கிறார்.

இப்படி நாற்பத்தொரு படங்களில் இருபத்தாறு. நான் யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவில்லை.

பதினேழாம் எண் கடைசியாக, சனிக்கிழமை காலையில், ஒரு லோடு ஆட்டோவில் வந்தது. நான் அப்போது அட்டைக்கு மை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். துணிக்கடையில் அரைநாள்தான் லீவு என்று அந்தப் பெண் இறக்கி வைத்ததும் போய்விட்டாளாம். பார்த்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவளை எனக்கு நினைவில்லை.

படம் ஆறடிக்கு நான்கடி. தலைப்பு "ஓவிய வகுப்பு". பெஞ்சுகளில் முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள், எல்லோர் முகத்திலும் பயம். கரும்பலகை முன்னால் ஆசிரியர், பிரம்பை ஓங்கியபடி. அவர் முன்னால் ஒரு சிறுமி கண்ணீரோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் காலடியில் கிடக்கிற நோட்டில் ஒரு தென்னை மரம், நீல நிறத்தில்.

தென்னை நீலமாக இருக்காது, மேடம். பச்சையாக்கினேன். சத்தியமாக அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஆனால் மரம் சரியாகிவிட்ட பிறகு ஆசிரியர் ஏன் பிரம்பை ஓங்க வேண்டும்? காரணமில்லாமல் ஓர் ஆசிரியர் கோபப்படுவாரா? பிரம்பை அழித்து, ஓங்கிய கையை இறக்கி அவள் தலைமேல் வைத்தேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. வெறும் கையை யாராவது நீட்டுவார்களா? ஒரு மிட்டாய் வைத்தேன். மிட்டாய் கிடைத்த பிள்ளை அழாது என்பதால் கண்ணீரைத் துடைத்தேன். பிறகு பார்த்தால் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் மட்டும் காரணமே இல்லாமல் பயந்துகொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பேரையும் சிரிக்க வைத்தேன். பல் வரைவது சிரமமான வேலை. சனிக்கிழமை மதியம் போதவில்லை. கலைக்கூடம் ஞாயிறு விடுமுறை என்றாலும், சாவி என்னிடமே இருந்ததால், ஆராதனை முடிந்து பைபிளோடு நேராக அங்கேதான் போனேன்.

ஆசிரியரின் முகத்தில் அதிகம் கைவைக்கவில்லை. சட்டைப்பையில் மூன்று பேனா, மூக்கில் மரு, காதில் முடி. மரு சரியான இடத்தில்தான் இருந்தது. காதில் முடியை மட்டும் எடுத்துவிட்டு, கத்திக்கொண்டிருந்த வாயை மூடி ஒரு புன்னகை வைத்தேன். அந்த முகம் யாருடையது என்று நீங்கள் கேட்டால், அது கலைஞரின் கற்பனை என்பதே என் பதில்.

திங்கட்கிழமை நடுவர்கள் வந்தார்கள். முதல் சுற்றில் புகைப்படத்தைப் பார்த்து இதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்களாம். படத்தின் முன் வந்து நின்றார்கள். புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "இது என்ன, பற்பசை விளம்பரமா?" என்றார். இன்னொருவர், "அந்தப் பெண் பயந்துபோய்க் கடைசியில் மாற்றிவிட்டாள்" என்றார். நான் பக்கத்து மேசையில் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

திறப்பு விழாவுக்கு என் மனைவி குளோரியும் வந்திருந்தாள். பதினேழாம் எண் முன்னால் நின்று, "இது நீங்கல்லா?" என்றாள். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "சிரிக்கது மட்டும் ஒங்கள மாதிரி இல்ல" என்றாள். நாற்பது வருடம் கூட இருந்தவள் அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் ரெஜிஷா உள்ளே வந்தாள். கடைச் சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள். படத்தைப் பார்த்தவள் ஸ்டெனியிடம், "இது எனக்க படம் இல்ல சார்" என்றாள். பிறகு கீழே அட்டையைக் குனிந்து வாசித்தாள். கையெழுத்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மெல்லத் திரும்பினாள். நான் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் சரியாக்கி விட்டிருக்கேன் மக்களே. இப்பம் கொள்ளாம்லா?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "எனக்க வகுப்புல ஆரும் சிரிக்கல்ல சார்" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இருபத்தெட்டு வயதாகியும் அந்த மரியாதை போகவில்லை பாருங்கள். கையை மறைப்பதற்கு முன் ஒன்றைக் கவனித்தேன். அவளுடைய இடது சுண்டு விரல் நடுக்கணுவில் வளைந்திருந்தது, நிமிரவில்லை. படத்தில் அந்தச் சிறுமியின் சுண்டு விரலும் அப்படித்தான் இருந்தது. உடற்கூறு தப்பு என்று நான் நேராக்கியிருந்தேன். பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள். செய்த திருத்தங்களில் இந்த ஒன்று தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குளோரி அவளைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள். துணிக்கடை விஷயமெல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. ஸ்டெனியின் போனில், விண்ணப்பத்தோடு வந்த பழைய புகைப்படத்தையும் குளோரி பார்த்துவிட்டாள். வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்:

"பள்ளிக்கூடத்துல நீங்க இப்பிடியா இருந்திய?"

குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ள காலு கடுக்க நிக்கது ஒங்களுக்குத் தெரியல்லியா? உள்ளத எழுதிக் குடுங்க. இல்லேங்கி நான் போய்ச் சொல்லுவேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதற்காக நான் இதை எழுதவில்லை. உண்மை உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆகவே மேடம், பதினேழாம் எண் படத்தை மாற்றியது சுந்தரராஜ் ஆகிய நான்தான். ரெஜிஷா மீது ஒரு தப்பும் இல்லை. அந்த ஒரு வருடம் அவளுக்குத்தான் கிடைக்க வேண்டும். படத்தைத் திரும்ப வரையப் போவதாக ஸ்டெனி சொன்னார். நல்லது. கண்ணீரை வரையட்டும், பயந்த முகங்களை வரையட்டும், நான் தடை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். பிரம்பை மட்டும் வரையக் கூடாது, அது அபாண்டம். இருபத்தொன்பது வருடத்தில் நான் பிரம்பைத் தொட்டதே இல்லை, எந்த மாணவியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என்னிடம் இருந்தது மர ஸ்கேல். எட்டு பி வகுப்பில், மூன்றாம் பெஞ்சில், அன்றைக்கு அவள் விரலில் பட்டதும் அதன் விளிம்புதான்.