கருப்பட்டிக் கடைக்காரர் சேவைக்கு வந்த கதை

சேவையாம், சேவை! எவன் கேட்டான் இவனுவள்ட்ட சேவை? ஊர்ல ஒரு மனுசன் நிம்மதியா குப்பையோட குடும்பம் நடத்த முடியுதா... இரும் அண்ணாச்சி, இரும். இந்தப் பெஞ்சுலயே இரும். மம்பட்டிய அந்தப் பக்கம் சாச்சு வச்சுக்கிடுதேன். புதுசு, கால்ல பட்டா வெட்டிரும். ஹாஸ்டல் வார்டனப் பாக்கவா? அவரு பத்து மணிக்குத்தான் வருவாரு. நானும் பத்து மணிக்காவத்தான் காத்துக் கெடக்கேன். எந்த ஊரு? விளாத்திகொளமா! மவன் இங்கன படிக்கானாக்கும். ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடப்படாது. அவன்ட்ட மொத வேலயா, "எலே, நீ அந்தச் சமூக சேவைச் சங்கத்துல இருக்கியா?"ன்னு கேளும். இருக்கேன்னு சொன்னாம்னா, பெட்டியக் கட்டச் சொல்லிக் கையோட கூட்டிட்டுப் போயிரும். எதுக்கா? கேளும்.

நமக்குக் கடைத்தெருவுல கருப்பட்டிக் கடை. காசிலிங்கம் கடைன்னு கேட்டா சின்னப் புள்ளையும் கை காட்டும். முன்னால கடை, பின்னால வீடு, அதுக்கும் பின்னால பொறவாசல். இந்தப் பொறவாசல மட்டும் மனசுல வச்சுக்கிடும்.

சுதந்திரம் வந்து நாலு மாசம் ஆகுதுல்லா? இந்தப் பள்ளிக்கூடத்துல ஞானதீபம்னு ஒரு வாத்தியாரு, நாசரேத்துக்காரரு. "இனிம நம்ம தெருவ நாமதான் கூட்டணும்"னு பயலுவள்ட்ட சொல்லியிருக்காரு. சொன்னா சொல்லிட்டுப் போறாரு! வாத்தியாருன்னா எதையாவது சொல்லத்தான் செய்வாரு. இவனுவ அத நம்பிட்டானுவ அண்ணாச்சி! அம்பது பயலுவ, சனிக்கிழமையானா தொடப்பமும் குப்பை அள்ளுற கடவப்பெட்டியும் தூக்கிட்டுக் கெளம்பிருதானுவ. எந்த வீட்டுல வேலை செஞ்சாலும் அந்த வீட்டுக்காரன் நோட்டுல கையெழுத்துப் போடணும். அதுக்குச் செல்வதுரைன்னு ஒரு செகரட்டரி, சாத்தான்குளத்துப் பய. பதினாறு வயசுதான், பேச்சு வக்கீல் பேச்சு.

நம்ம கடை முன்னால சாக்கடை வாறுகால் அடைச்சுக் கெடந்துச்சு. மழை பேஞ்சா கடைக்குள்ள தண்ணி. ஆளு வச்சு அள்ளலாம்தான்... உம்மட்ட மறைக்க என்ன இருக்கு, சும்மா வந்து அள்ளுதானுவன்னா எதுக்கு ஆளு வைக்கணும்? நானேதான் போயி, "சார், நம்ம கடைக்கும் கொஞ்சம் சேவை செய்யணும்"னு கேட்டேன். முறை வச்சுத்தான் வருவோம்னாவ. ஒரு மாசம் கழிச்சு நம்ம முறை வந்துச்சு.

வந்தானுவ, பத்துப் பயலுவ. பொய் சொல்லப்படாது, வாறுகாலு துடைச்சு வச்ச பித்தளைச் செம்பு மாதிரி ஆயிட்டு. சரி, வந்ததுதான் வந்தானுவ, பரண்ல ஒட்டடை அடிங்கடேன்னேன். அடிச்சானுவ. கருப்பட்டிச் சிப்பத்தையெல்லாம் இந்தச் சுவரோரத்துல இருந்து அந்தச் சுவரோரத்துக்கு மாத்துங்கடேன்னேன். மாத்துனானுவ. பாத்தேன், முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சு. திரும்ப மாத்தச் சொன்னேன். அதுக்கும் மொகம் சுளிக்கணுமே! ம்ஹூம். கால் அமுக்கி விடச் சொல்லலாமான்னு பாத்தேன்... பெறவு அது நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்.

அந்த ஓலைக் கொட்டான்ல என்ன, முறுக்கா? நெனச்சேன், வாசனை வருதேன்னு. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேன். புள்ளைக்குக் கொறைஞ்சிராது.

எங்க விட்டேன்? ஆங், அப்பத்தான் ஒரு பய மூக்கப் பொத்திக்கிட்டு வாரான். "அண்ணாச்சி, பொறவாசல்ல என்னமோ செத்துக் கெடக்கு." நான் துள்ளி எந்திரிச்சு அவன வழி மறிச்சேன். ஏன்னு கேளும்... இல்ல, கேக்காதேயும். அத வெளிய சொல்லப்படாது. சொன்னா ரெண்டு பேரு ஜெயிலுக்குப் போவணும், அதுல ஒருத்தன் நானு.

... கொஞ்சம் இங்கிட்டு நவுண்டு வாரும். உம்ம மொகத்தப் பாத்தா நம்பலாம்னு தோணுது. கரிசக்காட்டு ஆளு, கடலும் தெரியாது, கப்பலும் தெரியாது. யாரு காதுலயும் போடப்படாது, என்ன?

சிப்பி, அண்ணாச்சி. முத்துச் சிப்பி! ஒரு சாக்கு!

ரோச்னு ஒருத்தன், சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில ஒரு பாறைல சிப்பியாக் காச்சுத் தொங்குறதக் கண்டிருக்கான். இங்கன முத்துக்குளிப்பு நின்னு இருவது வருசமாச்சு. சர்க்கார் உத்தரவு இல்லாம ஒத்தச் சிப்பியத் தொடப்படாது. இவன் ஒரு சாக்க நெரப்பிக் கொண்டாந்துட்டான். கொண்டாந்தா மட்டும் ஆச்சா? சிப்பியக் கத்தி வச்சுப் பொளந்தா முத்துல கீறல் விழுந்துரும். குமிச்சுப் போட்டு அழுக வைக்கணும், பத்து நா. ஈ மொய்க்கும், புழு வைக்கும், சதை பூராம் கரைஞ்சு ஓடிரும். பெறவு அலசுனா அடியில முத்து நிக்கும். முத்துக் குளிச்சவுக இருக்குற அவன் தெருவுல போட முடியாது. அங்கன வயசானவுக எல்லாம் அந்த நாத்தத்துலயே வளந்தவுக, மூக்க வச்சே புடிச்சிருவாவ. "அண்ணாச்சி, உங்க தெருவுல ஒருத்தருக்கும் இந்த வாடை தெரியாது. உங்க பொறவாசல்ல கெடக்கட்டும், ஆளுக்குப் பாதி"ன்னான்.

நாத்தம்னா நாத்தமா அது! எம் பொண்டாட்டி சீனித்தாய், மூணாம் நாளே ஏரலுக்கு, அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டா. அவள்ட்ட நான் உண்மையச் சொல்லல. "கத்தரிச் செடிக்கு மீன் எரு போட்டிருக்கேன்"னேன். "செடி எங்க?"ன்னு கேட்டா. அந்த நாத்தத்துக்கு நடுவுல, தனியா பொங்கி, தனியா தின்னேன்யா, ஒம்பது நா! கண்ண மூடுனா முத்து. ஒண்ணு சீனித்தாய்க்கு மூக்குத்தி, மத்தது... சரி விடும். இன்னும் ஒரே ஒரு நா பாக்கி. அந்த ஒம்பதாம் நாளுதான் நம்ம சேவை முறை வந்துச்சு.

இப்பச் சொல்லும், அந்தப் பயட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்? "எலி செத்துக் கெடக்குடே, நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லியிருக்கணும். அத்தோட முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன்? எவனும் கிட்டப் போயிரப்படாதேன்னு, "எலே, அது புழு வச்ச குப்பைடே! பக்கத்துல போனா காலரா வந்துரும்! முனிசிபாலிட்டிக்காரனே தொட மாட்டேன்னு ஓடிட்டான்!"னேன். செல்வதுரை மொகத்த நீரு பாத்திருக்கணும். கல்யாணச் சாப்பாட்டுக்கு எல போட்ட மாதிரி மலந்து போச்சு. மத்த பயலுவளப் பாக்கான். அவனுவ இவனப் பாக்கானுவ. பயந்துட்டானுவன்னு நெனச்சேன்யா நானு! உள்ள போயி நல்லாச் சாப்ட்டுட்டு, பாயப் போட்டுப் படுத்துட்டேன்.

முழிச்சுப் பாத்தா மூணு மணி. செல்வதுரை நோட்டோட நிக்கான். "அண்ணாச்சி, எல்லா வேலையும் முடிஞ்சுது. திருப்தியான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்." என் மூக்குக்கண்ணாடியக் காணும். அவன் காட்டுன எடத்துல "மிக்க திருப்தி"ன்னு எழுதி, கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டேன். அதோட விட்டனா? ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி வேற குடுத்தேன். என் கடையில ஒருத்தன் கருப்பட்டிய ஓசியில தின்னது அன்னைக்குத்தான்யா! அவனுவ போன பெறவு மொகம் கழுவலாம்னு பொறவாசலுக்குப் போறேன்...

வெள்ளவெளேர்னு பிளீச்சிங் பவுடர். கூட்டித் தெளிச்சு, கோலம் ஒண்ணுதான் போடல. நாத்தமும் இல்ல, சிப்பியும் இல்ல.

சட்டைகூடப் போடாம ஓடியாந்தேன் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு. செல்வதுரை நோட்டத் தொறந்து படிக்கான்: "புழு வைத்த குப்பை, நாலு கடவம், அகற்றப்பட்டது. வீட்டுக்காரர், மிக்க திருப்தி." எங்கடே கொண்டு போயிக் கொட்டுனீங்கன்னா, பள்ளிக்கூடத் தோட்டத்து எருக்குழியிலயாம்! மேல எலதழை, மண்ணு, சாணின்னு போட்டு மெழுகி மூடிட்டானுவ. அதுக்கு ஞானதீபம் சாரு வேற என் கையப் புடிச்சு, "உங்க குப்பை மாதிரி ஒரு குப்பைய நான் பாத்ததே இல்ல. அவ்வளவும் சுண்ணாம்புச் சத்து"ன்னு நன்றி சொல்லுதாவ. "சார், அத ஒருக்கத் தொறந்து பாக்கலாமா"ன்னேன். "ரெண்டு வாரம் தொறக்கக் கூடாது, சூடு போயிரும். எதுக்குக் கேக்கீங்க?"ன்னாவ. எதுக்குன்னு சொல்ல? நானே குப்பைன்னு சொல்லிட்டு, நானே திருப்தின்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தக் குப்பையத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா என்னைய எங்க கொண்டு போவாவ? சிப்பின்னு சொன்னா சர்க்கார் புடிச்சுக்கிடும். சொல்லாம இருந்தா ரோச் புடிச்சுக்கிடுவான்.

அவன்ட்ட இன்னும் சொல்லலயே! பத்தாம் நாளு வந்து நிக்கான். "இன்னும் அழுகலடே"ன்னேன். மறுநாளும் வந்தான், அதுக்கு மறுநாளும் வந்தான். "இதென்ன அண்ணாச்சி, சிப்பியா இரும்பா?"ன்னு கேக்கான். "நாத்தத்தையே காணுமே"ன்னு மூக்க உறிஞ்சிப் பாக்கான். நான் சீனித்தாய் பானையில போட்டு வச்சிருந்த கருவாட்டக் கொண்டு போயிப் பொறவாசல்ல பரப்பி வச்சிருக்கேன், நாத்தத்துக்கு! கடைசியில இன்னைக்கு விடியக்காலம் வந்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோயில்ல பூசை முடிஞ்சு நேரா வாரேன். பாதியக் குடுங்க, இல்ல பதிலச் சொல்லுங்க"ன்னுட்டான். தண்ணிக்குள்ள ஒன்றரை நிமிசம் மூச்சடக்குறவன், அண்ணாச்சி. என்னைய அரை நிமிசம் முக்குனா போதும்.

அதான் இன்னைக்கு மம்பட்டியோட வந்து உக்காந்திருக்கேன். ரெண்டு வாரம் ஆயிட்டுல்லா, இன்னைக்குத்தான் எருவப் பெரட்டுதாவ. சங்கத்து ஆளத் தவிர யாரும் குழியில எறங்கப்படாதாம். சரின்னு நானும் சங்கத்துல சேந்துட்டேன்! சிரிக்காதேயும். அம்பத்தஞ்சு வயசுல! ஞானதீபம் சாரு பயலுவள வரிசையா நிக்க வச்சு, "அண்ணாச்சியப் பாருங்க, இதுதான் மனமாற்றம்"னாவ. அம்பது பயலுவளும் கை தட்டுனானுவ. எனக்கு மானம் போயிட்டு. கொஞ்சம்... கண்ணும் கலங்கிட்டு, பொய் சொல்வானேன். நமக்கு எவன் கை தட்டியிருக்கான் இதுவரைக்கும்?

இன்னொரு முறுக்கு எடுத்துக்கிடுதேன்.

ஒரே ஒரு கவலைதான். எனக்குத் தராசு புடிச்சே பழக்கம், மம்பட்டி புடிச்சதில்ல. உம்ம கையக் காட்டும்... அடேயப்பா, உள்ளங்கை பூராம் காய்ப்புல்லா காச்சுக் கெடக்கு! நீருன்னா பத்தே வெட்டு, ஆளு உள்ள எறங்கிருவீரு. எந்த எடம்னு தேடவே வேண்டாம். நாலு குழி இருக்கு, அதுல ரெண்டாவது குழி. முருங்கை மரத்தோரம், கெழக்கு மூலை. ஒரு முழம் தோண்டுனா போதும். நான் நேத்தே நைசாப் போயி ஒரு பனமட்டைய நட்டு வச்சிருக்கேன், அடையாளத்துக்கு. எப்படி நம்ம மூளை?

என்ன, எந்திரிச்சுட்டீரு? ஓ, மவனப் பாக்கவா. அதுவும் சரிதான், போயிட்டு வாரும். கொட்டான் இங்கனயே இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். நல்ல மனுசன்யா நீரு, ஒரு வார்த்தை குறுக்க பேசல. இந்தக் காலத்துல இப்படிப் பொறுமையாக் கேக்க யாரு இருக்கா...

அண்ணாச்சி! ஹாஸ்டல் தெக்கேல்லா இருக்கு! நீரு வடக்க போறீரு! அங்கன ஹாஸ்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் தோட்டமும் எருக்குழியும்... ஏ... ஏய்... என் மம்பட்டியக் காணும்! ஓய்! விளாத்திகொளத்தாரே! நில்லும்வே! ஓடாதேயும்! புடிங்க, புடிங்க, அந்த ஆள... என்னத்தன்னு சொல்லிப் புடிக்கச் சொல்ல! ஐயோ, முருங்கை மரத்துக்கிட்டப் போயிட்டாரே... பனமட்டையப் புடுங்கிட்டாரே...

வ... வணக்கம் ஞானதீபம் சார். ஆமா சார், மணி அடிச்சுட்டு. பயலுவளும் வந்துட்டானுவளா, நல்லதாப் போச்சு. யாரு சார், குழிக்குள்ள நிக்கிறவரா? அவரு... அவரு நம்ம ஹாஸ்டல் பயலுக்கு அப்பா சார். விளாத்திகொளம். ஆமா சார், நல்லா வேகமாத்தான் வெட்டுதாரு. ஆமா... அவரும் சேவைக்குத்தான் வந்திருக்காரு சார். நான்தான் எடுத்துச் சொல்லி... ஆமா.

எலே செல்வதுரை, இப்ப எதுக்குடே நோட்ட நீட்டுத? புதுசா ஒரு ஆளச் சேத்து விட்டதுக்கா? எங்க... இங்கனயா?

குடு. மிக்க... திருப்தி.