நீலப் புகையும் ஒரு கல்யாணமும்

"புகை நீலமா வந்துச்சுன்னா கண்ணாலம் நின்னுடும், அவ்ளோதான்."

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், முன் சீட்டு மீனவர் தன் மச்சினனிடம் சொன்னார். சொந்தக் கார் ரிப்பேராகி ஒர்க்ஷாப்பில் கிடப்பதால் பஸ்ஸில் போகிற எனக்குக் காது நிமிர்ந்துகொண்டது.

"பொண்ணு கண்ணாலத்துக்கும் புகைக்கும் இன்னா மாமா சம்மந்தம்?"

"என் காருக்கு இன்ஜின் வேலை பாத்தது யாரு? மாப்பிள்ளையோட நைனா. ரிங்கு மாத்திட்டேன், இனிமே புகையே வராதுன்னாரு. இப்ப கொசு மருந்து அடிக்கிற வண்டி கணக்கா வருது. இந்த லட்சணத்துல வேலை பாக்குறவர் வீட்ல பொண்ணு குடுப்பாங்களா? நேர்ல போய் முறிச்சுட்டு வந்துடலாம்."

"இரு மாமா. வெள்ளையா வந்தா தண்ணி. நீலம்னா ஆயில் எரியுது. பெட்ரோல் எப்டி ஊத்துன?"

"நம்ம மீன்பிடி போட்டு இன்ஜினுக்கு ஊத்துற மாதிரிதான், ஆயில் கலந்து. புதுசா வேலை பாத்த இன்ஜினாச்சேனு கொஞ்சம் கூடவே கலந்தேன்."

"ஐயோ மாமா! காரு பெட்ரோல்ல ஆயில் கலக்கவே கூடாது. நீ கலந்ததுதான் எரியுது."

மெதூர் தாண்டியதும் மாமா சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுத்து எண்ணினார்.

"எறங்குனதும் நல்ல பழக்கடையா பாரு."

"சண்டைக்கு எதுக்கு மாமா பழம்?"

"எவன்டா சண்டைக்குப் போறான்? கண்ணாலத்துக்கு நாள் குறிக்கப் போறோம்."

"அப்ப புகை?"

"நல்ல காரியம் பேசப் போற எடத்துல இன்னாடா புகை?"