பின்னாலேயே வரும் ஸ்கூட்டி

போசரி தொழிற்பேட்டை பெட்ரோல் பங்கில் வரிசை நகரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் ஸ்கூட்டியில் இருந்த பெண், சுற்றிலும் மராத்திப் பேச்சுக்கு நடுவே பக்கத்து வண்டித் தோழியிடம் தமிழில் சொன்னாள்:

"அக்கா, ஏதோ ஒரு ஸ்கூட்டி தினமும் பின்னாடியே வருதுன்னு எங்க வீட்டுக்காரர் பயப்படறாரு."

"யாருடி அது?"

"நான்தான். சைக்கிளுக்கு லைட் போடுங்கன்னா, பழகின ரோடுங்கறாரு. லாரிக்காரனுக்கு இவர் தெரிய வேண்டாமா? அதான் அவருக்கு ஷிஃப்ட் விட்டதும் ஸ்கார்ஃபால முகத்தை மூடிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டுப் பின்னாலேயே போறேன்."

"சொல்லிடேன்."

"சொன்னா வராதேம்பாரு."

அவள் கண் சாலையிலேயே இருந்தது. திடீரென்று, "அய்யோ, போறாரு!" என்றாள்.

லாரிகளுக்கு நடுவே விளக்கில்லாத சைக்கிள் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டி வண்டியைக் கிளப்பினாள்.

"பெட்ரோல் போடலியேடி!"

"அவர் வீடு சேர்ற வரைக்கும் வரும்க்கா!"