அக்கா வீட்டு மாடியில் டவர்

மன்னவனூர் பேருந்தில், மடியில் தூங்கும் மகள் விழித்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் நடுவே, கடைக்காரர் திருப்பி எடுக்காத, சிம் போடும் புது ரூட்டர்.

“ரூட்டரோட நீங்களும் உங்க அக்கா வீட்டு மாடியிலயே குடியிருங்க,” என்றார் மனைவி.

“கடையில டவர் ஃபுல்லாத்தான் காட்டுச்சு.”

“கடையிலயா குடியிருக்கோம்? நம்ம வீடு பள்ளத்துலல்ல கெடக்கு!”

“அக்கா வீட்ல இதே சிம்முதான். நல்லா எடுக்குதுன்னுச்சு.”

“அவுங்க வீடு மேட்டுல இருக்கு, எடுக்கும். நாளைக்கு வெள்ளனே நம்ம பாப்பாவுக்கு வீடியோவுல இன்டர்வியூ. மொத வேலை. என்ன செய்யப் போறீங்க?”

“அதான், அக்காட்ட கேளுங்கிறேன்.”

“காதுகுத்துல என்னைய வான்னு கூப்பிடாதவுங்க வாசலை மிதிக்க மாட்டேன்.”

“வாசலை ஏன் மிதிக்கிற? மாடிக்கு வெளியில படி இருக்குல்ல.”

நாலைந்து வளைவுகள் கடந்தன. பிறகு மனைவி கணவனின் போனை வாங்கினார்.

“மதினி, நாந்தான். நாளைக்குப் பாப்பா ரூட்டரை எடுத்துக்கிட்டு அங்க வருவா. நான் வரல.”

வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி. எனக்குக் காப்பியில சீனி கம்மியாப் போடுங்க.”